மார்ச் முதல் தேதி, வெள்ளிக்கிழமை

சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்களுக்கு அடுத்த வருடம் ஆடி பதினெட்டிலேயே பிறந்துவிடும். அன்று மாதிரி ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிட்டால், அதற்கப்புறம் மார்கழி வரைக்கும் ஓட்டம்தான். 2006-இல் அந்த ஓட்டத்துக்குள் இருந்தவர்களில் ஒருத்தி எழில். வயது இருபது. விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வந்து, கனகசபாபதி அண்ணாச்சியின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை செய்தாள். அம்மா வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங். அப்பா இல்லை.

எழில் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறியவள், கணக்கைத் தவிர. முதல் தடவை இருநூற்றுக்கு அறுபத்தொன்று. இரண்டாம் தடவை அறுபத்துநான்கு. எழுபது வாங்கினால் போதும். பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் படிக்கலாம். படித்தால் மெஷின் ஹாலில் சூப்பர்வைசராக நிற்கலாம். அந்த ஊரில் எந்த மெஷின் ஹாலிலும் ஒரு பெண் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. பார்க்காததாலேயே அந்த ஆசை வந்தது. இதற்குள் பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய பாடத்தில் எழுத அக்டோபர் மாதத் தனித்தேர்வுதான் கடைசி என்று வந்த கடிதத்தில் தெளிவாக இருந்தது. மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அச்சில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

"ஏ புள்ள, வேஸ்ட்டுத் தாளெல்லாம் தீந்துபோச்சு. கணக்கப் போட்டே கம்பெனிய மூடிருவ போலயே" என்பார் காளிராஜ். ஃபிலிமிலிருந்து அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் வேலைக்காரர். நாற்பது வயது, வாய் சும்மா இருக்காது.

அந்த வருடம் புதிதாக ஓர் ஆர்டர் வந்தது. மதுரையில் டுட்டோரியல் நடத்தும் ஒருவர், தோற்ற பிள்ளைகளைத் தேற்றி விடுபவர், ஐயாயிரம் தினசரி காலண்டர் கேட்டார். பெயர் 'மாணவர் வெற்றி நாட்காட்டி'. ஒவ்வொரு தேதித் தாளிலும் தன்னம்பிக்கையூட்டும் ஒரு வரி. அவர் நடத்தும் தலைமைப் பண்பு முகாமில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். வரிகளை அவரே எழுதி அனுப்பியிருந்தார். தட்டச்சு செய்யும்போதுதான் எழில் கண்டுபிடித்தாள், எழுபத்தைந்து இடங்களில் முன்னால் வந்த வரியே திரும்ப வந்திருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னாள். "ஆளு ஊர்ல இல்லம்மா. மிச்சத்த நீயே ரொப்பிரு. வெற்றி, உழைப்பு, தலைவன், அப்படி நாலு வார்த்த வந்தாப் போதும்" என்றார்.

எழுபத்தைந்தையும் எழுதினாள். முதலில் பத்து வரிகள் சும்மா வந்தன. அப்புறம் ஒவ்வொன்றையும் யோசித்து எழுத ஆரம்பித்தாள். யாராவது ஒரு பிள்ளை காலையில் தாளைக் கிழித்துவிட்டு இதைப் படிக்குமே என்ற எண்ணம் வந்துவிட்டது. மார்ச் பதினொன்றுக்கு அவள் எழுதியது: 'செய்த தவறைத் தானே முன்வந்து சொல்பவன், அந்த நொடியிலேயே தலைவனாகிவிடுகிறான்.' அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, விருதுநகரில். ஒரு மாதம் முன்பே லீவு கேட்டாகிவிட்டது. "போயிட்டு வாம்மா, நல்லா எழுது" என்று அண்ணாச்சியும் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மாலை நான்கு மணி. மறுநாள் காலை பிளேட் போட வேண்டிய மாணவர் நாட்காட்டி ஃபிலிமெல்லாம் காளிராஜின் மேஜையில் இருந்தது. எழில் பையை எடுத்துக்கொண்டு அவரிடம் சொல்லிவிட்டுப் போக வந்தாள். மேஜையில் வேறோர் ஆர்டரின் மாதக் காலண்டர் கிடந்தது. ஏப்ரல் பதினான்கு, சித்திரை முதல் நாள், சனிக்கிழமை. அவள் கட்டிய ஃபிலிமில் ஏப்ரல் பதினான்கு ஞாயிற்றுக்கிழமை.

பையைக் கீழே வைத்தாள்.

என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேதித் தாளைப் புதிதாக யாரும் கட்டுவதில்லை. ஒரே கிழமையில் பிறந்த பழைய வருடத்தின் ஃபைலை எடுத்து, அதில் புது வரிகளை ஏற்றுவார்கள். 2007 திங்கட்கிழமை பிறக்கிறது. 2001-உம் திங்கள்தான், 1996-உம் திங்கள்தான். அவள் 96-ஐ எடுத்திருக்கிறாள். அது லீப் வருடம். பிப்ரவரி இருபத்தொன்பது என்று ஒரு தாள் கூடுதலாக நின்றபோது, கெட்டிக்காரத்தனமாக அதை நீக்கியதும் அவள்தான். கிழமையை யோசிக்கவில்லை. மார்ச் முதல் தேதி வியாழனாக இருக்க வேண்டியது வெள்ளியாக நின்றது. அதிலிருந்து வருடம் முடியும்வரை முந்நூற்று ஆறு தாள்கள் தப்பு. கிழமை தப்பென்றால் ராகு காலம் தப்பு, எமகண்டம் தப்பு, சூலம் தப்பு. புரூஃப் பார்த்தவர் ஜனவரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

காளிராஜிடம் காட்டினாள். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. பேசாம போய்ப் பரீட்சைய எழுது. மார்ச்சு மாசத்துக் கெழமைய அக்டோபர்ல எவன் பாக்கப் போறான்?"

"மார்ச்சுல பாப்பாகள்லண்ணே."

"மார்ச்சுல நீ பாலிடெக்னிக்கு சீட்டுக்கு அலைஞ்சுக்கிட்டு இருப்ப. ஏச்சு வாங்க நான் இருக்கேன். எனக்கென்ன புதுசா? போ தாயி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழில் வாசல் வரை போனாள். சைக்கிள் பூட்டைக்கூடத் திறந்துவிட்டாள். ஐயாயிரம் வீட்டுச் சுவர்களில் ஒரு வருடம் முழுக்கத் தப்பான ராகு காலம் தொங்கும். அதிலும் அவள் எழுதிய வரி கீழே இருக்கும். திரும்பவும் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

அண்ணாச்சி கேட்டுவிட்டுக் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"பத்து மணி நேரம் அண்ணாச்சி. 2001 ஃபைல்ல ஒவ்வொரு வரியா எடுத்து ஏத்தணும். ராத்திரி பூராவும் இருந்து முடிச்சுட்டு காலையில பரீட்சைக்குப் போயிருதேன். அம்மாவத் துணைக்கு வரச் சொல்லுதேன்."

"பொம்பளப் பிள்ளைய ராத்திரி கம்பெனியில வச்சா நாலு பேரு என்ன பேசுவாக? எட்டு மணிக்குக் கெளம்பிரு. காலையில எட்டுக்கு வா."

"காலையில பத்துக்குப் பரீட்சை அண்ணாச்சி. இதுதான் கடைசி."

"கவர்மெண்டு கடைசி கடைசின்னுதாம்மா சொல்லுவான். மறுக்க ஒரு சான்ஸ் குடுப்பான். எனக்கு மெஷின் நாளைக்கு மத்தியானம் விட்டா அடுத்த வாரம்தான். சனிக்கிழம முகாமு." மேஜையில் கிடந்த ஃபிலிம் தாளைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார். "செய்த தவறைத் தானே முன்வந்து சொல்பவன், அந்த நொடியிலேயே தலைவனாகிவிடுகிறான். பாத்தியா, வாத்தியாரு எவ்வளவு சரியா எழுதியிருக்காரு. உனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு."

"ஆமா அண்ணாச்சி" என்றாள்.

வேறு ஆபரேட்டர் அந்தச் சீசனில் ஊரிலேயே கிடையாது. காளிராஜ் அண்ணாச்சியிடம் போய், "நான் ஏத்துதேன், அந்தப் புள்ளைய விட்டுருங்க" என்றார். அவருக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாது. எல்லோருக்கும் அது தெரியும்.

எட்டு மணிக்கு ஜூன் முடிந்தது. வீட்டுக்குப் போனபோது அம்மா ஹால் டிக்கெட்டை எடுத்து, மஞ்சள் பையில் இரண்டு பேனாவோடு வைத்திருந்தாள். "எங்க கம்பெனி பஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு எம்மவ பரீட்சை எழுதப் போறான்னு" என்றாள். எழில் காலையில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவில்லை.

பத்து மணிக்கு ஆகஸ்ட் முடிந்தது. காளிராஜ் டீ வாங்கிக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்தக் கம்பெனி அன்றைக்குத்தான் பார்த்தது. ஒரு மணிக்கு, விருதுநகரில் மணி அடித்து விடைத்தாளை வாங்கியிருப்பார்கள், அவள் நவம்பர் கடைசியில் இருந்தாள். இரண்டு மணிக்குப் புது ஃபிலிம் பிளேட்டுக்குப் போனது.

காலண்டர் சனிக்கிழமை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றாக இருந்ததென்று மதுரைக்காரர் போன் செய்தாராம். காளிராஜ்தான் வந்து சொன்னார்.

அவள் வீட்டில் சொல்லவில்லை. "எழுதுனியா?" என்று அம்மா கேட்டபோது தலையாட்டினாள். தீபாவளி போனது. அண்ணாச்சி சொன்ன மறு சான்ஸ் வரவில்லை. அடுத்த மாதம் ரிசல்ட் வந்தது. அச்சகத்துக் கம்ப்யூட்டரிலேயே பார்த்தாள், பார்க்க வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும். கணக்குக்கு நேரே, தேர்வுக்கு வரவில்லை என்பதற்கான குறி இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கை கால் கழுவாமல்கூட, மருந்துத்தூள் அப்பிய சேலையோடு வாசலில் நின்றாள்.

"வந்துருச்சாமே. பாஸா?"

"பெயிலும்மா."

"எம்புட்டு?"

அறுபத்தெட்டு என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொன்னால் ரெண்டு மார்க்குதானே, இன்னொரு தடவை எழுது என்பாள் அம்மா. எழுத இனி ஒரு தடவை இல்லை. அதைச் சொன்னால் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டும்.

"இருபத்திரெண்டு" என்றாள் எழில்.

வள்ளித்தாய் தொட்டித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றிக்கொண்டாள்.

"அப்போ ஒனக்குப் படிப்பு வராதுத்தா. விட்டுரு."