இலக்கியா கல்யாணத்துப் படங்கள்

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் செவந்தி, படம் எடுப்பதிலும் அதைத் திருத்துவதிலும் கெட்டிக்காரி. கம்ப்யூட்டரைப் பராமரிப்பதில் மட்டும் சோம்பல். ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதென்று திரையில் வரும் எச்சரிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் மூடிவிடுவாள். ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற அளவுக்கு அது மந்தமானது. கொஞ்ச நாளாக உள்ளே டக் டக்கென்று சத்தம் வேறு. சர்வீஸ் செய்கிற வசந்தகுமார், "வேண்டாததை அழிச்சு எடம் விடுங்கக்கா. முக்கியமானதை வேற டிஸ்க்குல ஒரு காப்பி போடுங்க. இந்தச் சத்தம் நல்லதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். முகூர்த்த மாதம் முடியட்டும் என்று இவள் தள்ளிப்போட்டாள்.

அதற்குள் டிஸ்க் செத்துப்போனது. மற்றவர்களின் படங்கள் ஆல்பமாகிக் கைமாறியிருந்தன. குன்றாண்டார்கோவில் அய்யாக்கண்ணு மகள் இலக்கியாவின் கல்யாணம் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. டிஸ்க்கைத் திருச்சியில் காட்டியும் ஒன்றும் தேறவில்லை.

ஆல்பம் கேட்டு அய்யாக்கண்ணு வந்தபோது, "கரண்டு கூடிக் கொறஞ்சு டிஸ்க் போயிருச்சுங்கய்யா" என்றாள் செவந்தி. வாயில் அப்படித்தான் வந்தது.

அவர் முகம் வாடியது. ஆனாலும் அவளைத்தான் தேற்றினார். "கரண்டு பண்ணுனதுக்கு நீ என்னத்தா செய்வ? இரு, கரண்டு ஆபீஸ்ல நான் போய்க் கேக்குறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

செவந்திக்குக் காது மடல் சுட்டது. தன் பொய்யை நம்பி ஒரு மனுஷன் சண்டை போடப் போகிறார். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி, மருந்துக்கடை வாசலில் அவரை மறித்தாள்.

"ஐயா, போகாதீங்க. கரண்டு ஒண்ணும் பண்ணல. டிஸ்க் போகப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நாந்தான் கவனிக்காம விட்டேன்."

மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சுமா விட்ட?"

"ஆமாங்கய்யா."

அவர் திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அவரோ திரும்பி நடந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பிறகு, சொந்தக்காரர்களின் போன்களிலிருந்து இலக்கியா அனுப்பிய படங்களை வைத்துச் செவந்தி ஒரு ஆல்பம் செய்துகொடுத்தாள். தாலி கட்டுகிற படத்தில் யாரோ ஒருவருடைய கை மாப்பிள்ளையைப் பாதி மறைத்திருந்தது. எவ்வளவு திருத்தியும் அந்தக் கை போகவில்லை. அட்டையில் ஸ்டுடியோ பெயரைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது புது டிஸ்க்கில் கால்வாசியைக் காலியாகவே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு விசேஷத்தையும் இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றிச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறாள். போன மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இலக்கியாவின் வளைகாப்புப் படங்களைப் பார்த்தாள். நல்ல படங்கள். புதுக்கோட்டையிலிருந்து யாரையோ வரவழைத்து எடுத்திருந்தார்கள்.