பேண்டேஜ் துணியில் காராச்சேவு

என் வீட்டுக்காரருக்குக் காராச்சேவு இல்லாமல் சாயங்காலம் போகாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் பிளீச்சிங் பிரிவு சூப்பர்வைசர் அவர். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஹேண்டில்பாரில் தொங்கும் மஞ்சள் பையில் சேவுப் பொட்டலம் இருக்கும். வீடு வந்து பிரிப்பதற்குள் பொட்டலத் தாளில் எண்ணெய் ஊறி, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஈரத் துணிக்கட்டைத் தூக்கிப் பழகிய உடம்பு. சூப்பர்வைசர் ஆன பிறகும் கை சும்மா இருக்காது. இருமினால் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும். கையால் அமுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஆபரேஷன்தான் என்றார். குடல் வெளியே மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். ஆனால் பிரஷர் ஏகத்துக்கு இருந்தது. "மாத்திரை போடுங்க. உப்பையும் எண்ணெயையும் குறைங்க. பிரஷர் இறங்கட்டும், பிறகு ஆபரேஷனை வச்சுக்குவோம்" என்றார்.

அன்றிலிருந்து என் சமையலில் உப்பு பேருக்குத்தான். அவருக்குத் தனி, எனக்குத் தனி என்று யார் பொங்குவது? நானும் அதையே தின்றேன். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றையும் அவர் மறுபேச்சில்லாமல் விட்டார். காராச்சேவை மட்டும் விட முடியவில்லை. கடலை மாவு பருப்புதானே, சத்துதானே என்பார். பூண்டு வாயுவுக்கு நல்லது, ஓமம் ஜீரணத்துக்கு நல்லது என்பார். கேட்டால் ஏதோ லேகியம் தின்கிற மாதிரி இருக்கும்.

"எண்ணெய்க்கு என்ன சொல்லுதீங்க?" என்று ஒருநாள் மடக்கினேன். மறுநாள் கம்பெனியிலிருந்து பதிலோடு வந்தார்.

விளிம்பு பிசிறிப்போன பேண்டேஜ் துணி விலைக்குப் போகாது. வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பால் வடிகட்டுவதும் இட்லித் தட்டில் விரிப்பதும் அந்தத் துணியில்தான். அதை நாலாக மடித்துக் காராச்சேவைப் பரப்பினார். மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு உள்ளங்கையால் பதமாக அழுத்தினார்.

"புண்ணுல இருக்க சீழையே உறிஞ்சுத துணி. சேவுல இருக்க எண்ணெய உறிஞ்சாதா?"

பிரித்துக் காட்டினார். வெள்ளைத் துணி முழுக்க மஞ்சள் கறை. "எம்புட்டு எறங்கியிருக்கு பாத்தியா? அம்புட்டும் என் நெஞ்சுக்குள்ள போயிருக்கும்."

பார்க்க எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. தினமும் கறையை விரித்துப் பார்ப்பேன், சோப்புப் போட்டு அலசிக் காயப்போடுவேன். எண்ணெய்தான் இல்லையே என்று அவர் கூடுதலாக ஒரு கை அள்ளிக்கொண்டார்.

பிரஷர் இறங்கவில்லை. இரண்டாவது தடவை போனது புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்றுமேல் இருக்கும் பெருமாளுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அதனால்தான் பிரஷர் ஏறிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். "போதாக்குறைக்கு டாக்டர் பிரஷர் பாக்கும்போது நீ வேற பக்கத்துல உக்காந்து உர்ருனு பாத்துக்கிட்டு இருந்தா எறங்குமா?" என்று பழியை என் தலையிலும் கொஞ்சம் போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் புடைப்பு உள்ளே போகவில்லை. படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, என்ன செய்தும் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது. வண்டி பிடிக்க நான் வாசலுக்கு ஓடியபோது, புடைப்பு உள்ளே போய்விட்டது என்று வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷர் இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம் அன்றுதான் எனக்குள் வந்தது.

மறுநாளே டாக்டரிடம் போனோம். மாத்திரையில்தான் கோளாறு என்று சண்டை போடும் எண்ணத்தில் இருந்தேன். சாட்சிக்குக் கறைபட்ட துணியையும், அதில் ஒற்றி எடுத்த காராச்சேவையும் மஞ்சள் பையில் கொண்டுபோனேன். டாக்டர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காராச்சேவில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். உப்பு எங்க போச்சு?"

"அதுவும் துணிலதான் சார் எறங்கியிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிரஷர் இறங்காமல் ஆபரேஷன் கிடையாது என்று பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து மஞ்சள் கறையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் இருந்தது, மிளகாய்க் காரம் இருந்தது. உப்பு மருந்துக்குக்கூட இல்லை. துணியை அவரிடம் நீட்டினேன். சுற்றிலும் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரும் நாக்கில் வைத்தார். முகம் தொங்கிப்போனது.

"உப்பு சப்பில்லாத குழம்ப உங்களோட சேந்து நானும்தான தின்னேன்" என்றேன். "எதுக்குத் தின்னேன்?"

கோபத்தில்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் துணியை மஞ்சள் பைக்குள் போட்டு, பையை என் மடியில் வைத்தார். "இனி இது வேண்டாம்" என்றார்.

அதன் பிறகு சாயங்காலங்களில் உப்பில்லாத அரிசிப் பொரிதான். மரத்தூளைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டே தின்றார். கார்த்திகை கடந்து, தை பிறந்த பிறகு பிரஷர் டாக்டர் கேட்ட அளவுக்கு வந்தது. ஆபரேஷனும் நடந்தது.

வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அடிவயிற்றில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்த நெசவை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். கசிவு இருந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். எத்தனையோ சாயங்காலம் எவ்வளவு கறை இறங்கியிருக்கிறது என்று நான் ஆசையாக விரித்துப் பார்த்த துணி. அன்றைக்கு ஒரு பொட்டுக் கறைகூட இறங்கிவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று கவனித்துவிட்டார்.

"எறங்கியிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லங்க. வெள்ளையாத்தான் இருக்கு" என்றேன்.