ஏழடி மெசின்

என் பழைய லேத் மெசின் மூன்றரை அடி. அதில் தண்ணீர் மோட்டருக்குப் புஷ் என்ற இரும்பு வளையம் கடையலாம். உழவு இயந்திரத்துக்குப் பின் ஆணி கடையலாம். வள்ளத்து விசிறியைச் சுழற்றும் ஷாப்ட் கம்பி கடைய முடியாது, நீளம் காணாது. வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமார் கம்பியோடு வருவார்கள். என் மெசினைப் பார்ப்பார்கள். கம்பியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போவார்கள். பல வருடம் அப்படித்தான் போனது.

மருதனார்மடத்துக்குக் கிட்ட இன்னொரு கடைசல்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பழக்கமில்லை. அவரிடம் ஏழடி மெசின் இருந்தது. அதற்கு முன்னால் நின்றபடியே நெஞ்சு நோவு வந்து செத்துப்போனார்.

செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று போனேன். துக்கம் கேட்கத்தான் போனேன். மெசினை நினைத்தும் போனேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

அவருடைய மனைவியை அக்கா என்பேன். அவர் தானாகவே என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“உதைக் காணக் காண ஏலாமல் கிடக்கு தம்பி. பழைய இரும்புக்காரன் ரெண்டு தரம் வந்திட்டான். நிறுவைக்குக் கேக்கிறான். வேலை தெரிஞ்ச ஆள் கொண்டுபோனால் எனக்கு நிம்மதி.”

அண்ணை கடைந்து முடிக்காத துண்டு, மெசினின் பிடியான சக்கிலேயே பூட்டியபடி இருந்தது. அதற்குக் கீழே, கத்தி ஓடும் தண்டவாளத்தின் மேல், இரும்புச் சீவல் குவிந்து கிடந்தது. ஒருவரும் கைவைக்கவில்லை.

மெசினை ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கடைசல்காரனும் வாங்கமாட்டான். எனக்கும் அது தெரியும். ஆனால் உள்ளே பெண்கள் பாயில் இருந்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சாவுத் துடக்கு வீடு. அந்த மெசின் சத்தம் கேட்டால் அக்காவுக்கு எப்படி இருக்கும். சுவிட்சில் கைபோகவில்லை. சீவலைத் தட்டிவிட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை. அது அவருடைய கடைசி வேலை. சக்குக்குத் தள்ளி, மற்ற அந்தத்தில் மட்டும் தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தேன். புதுசு போல இருந்தது.

“நான் எடுக்கிறன் அக்கா” என்றேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

என் பட்டறையில் இரண்டு மெசினுக்கு இடமில்லை. சின்னதை மன்னாரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பெரியது வாசலால் வராது. ஒரு பக்கச் சுவரை இடித்தோம். ஏற்றி இறக்க வந்தவர்களில் ஒருவன் என் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

“என்ன அக்கா, இவ்வளவு பெரிய மாப்பிளையை எடுத்திருக்கிறியள். வீட்டையும் சீதனமாய் எழுதிக் குடுக்கப் போறியளோ?”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பல நாள் அவள் சிரிக்கவில்லை.

அண்ணையின் துண்டை முதலே கழற்றி அக்காவிடம் கொடுத்திருந்தேன். சீவலை அப்படியே சாக்கால் மூடிக் கொண்டுவந்து என் வீட்டில்தான் கூட்டினேன். சக்குக்குக் கிட்டத் தடவும்போது நகம் ஒரு விளிம்பில் தட்டியது. பழைய மெசின் என்றால் கொஞ்சம் தேயும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சம்மாட்டியார் கம்பி கொண்டுவந்தார். ஆறடிக் கம்பி. எனக்கு வந்த முதல் வள்ளத்து வேலை. நாள் முழுவதும் நின்று கடைந்தேன். பார்வைக்கு நல்ல வேலை. புஷ்ஷைப் போட்டுத் தள்ளினேன். ஒரு பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போனது. சக்கிருந்த பக்கத்துக்குக் கிட்ட வந்து இறுகி நின்றது. அளந்து பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு மயிரளவு பருமன் கூடியிருந்தது.

திரும்ப அமைத்துக் கடைந்தேன். அதே இடத்தில் அதே பருமன். நேர்ச்சட்டத்தைத் தண்டவாளத்தில் வைத்து லைற் பிடித்தேன். சக்குக்கு முன்னால் ஒன்றரை அடிக்குப் பள்ளம். கத்தி அந்தப் பள்ளத்தில் இறங்கி விலகுகிறது, கம்பி தடிக்கிறது.

அண்ணை வாழ்நாள் முழுக்கக் கட்டை வேலைதான், நீளம் குறைந்த துண்டுகள்தான் செய்திருக்கிறார். சக்குக்குக் கிட்ட, அந்த ஒன்றரை அடிக்குள். சின்ன வேலையில் பள்ளம் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

சம்மாட்டியார் வந்தார்.

“என்ன பாஸ், வள்ளம் கரையிலை காயுது. மீன் உன்ரை மெசின் சரிவருமட்டும் பாத்துக்கொண்டு நிக்குமே?”

“மெசின் தேஞ்சு போச்சு சம்மாட்டியார். கம்பியைத் திருப்பிப் பூட்டி, பாதி பாதியாய்த்தான் கடையோணும். நாள் எடுக்கும்.”

“தேஞ்ச மெசினையே பார்த்து வாங்கினனீ?”

ஒரு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார்.

மனைவி விடவில்லை.

“அந்த அக்காட்டைப் போய்ச் சொல்லுங்கோ. பிழையான மெசின் எண்டு சொல்லுங்கோ. திருப்பி எடுக்கட்டும். எங்கடை சோறு உதுக்குள்ளை கிடக்கு.”

“ஓட்டிப் பாக்காமல் வாங்கினது நான்.”

“அவையள் சொல்லியிருக்கலாந்தானே?”

“அவவுக்கு என்ன தெரியும்?”

“அப்ப எங்களுக்கு ஆர் சொல்லுறது?”

அவள் சொன்னது நியாயம். இந்த மெசினால் வள்ள வேலை சரிவராது. சின்ன மெசினும் இல்லை. தண்டவாளத்தை அரைத்துத் திருத்தக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு மெசின் வாங்கலாம். திருப்பிக் கொடுத்தால்தான் வழி. சொல்லுவது என்றே முடிவெடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனேன். சாப்பாடு முடிந்து வந்தவர்கள் குறைந்த பிறகு அக்காவே என்னிடம் வந்தார். மெலிந்து போயிருந்தார்.

“மெசின் எப்பிடித் தம்பி?”

நான் வாயெடுக்க முதல் அவரே தொடர்ந்தார்.

“குறை ஏதும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லும். இரும்புக்காரன் இப்பவும் கேட்டுக்கொண்டுதான் திரியிறான். அவனுக்குக் குடுத்திட்டு உம்மடை காசைத் தாறன்.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எனக்கு அது விளங்கியது.

“அவர் சொல்லுவார்,” என்றார். “‘உந்த மெசின் என்ரை வேலையை ஒருநாளும் பிழையாக்கேல்லை’ எண்டு. ஆக்கள் வந்தால் அதைத்தான் முதல் காட்டுவார். பிறகுதான் என்னைக் காட்டுவார்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அந்த வீட்டில் அக்கா சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

“குறையொண்டுமில்லை அக்கா. நல்லா ஓடுது” என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு உள்ளதைச் சொன்னேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சம்மாட்டியாரின் கம்பியைப் பாதி கடைந்து, திருப்பிப் பூட்டி, மற்றப் பாதி கடைந்தேன். நடுவில் வந்த வரம்பை அரத்தால் அராவினேன். ஐந்து நாள் போனது. புஷ் அந்தம் தொட்டு அந்தம் ஓடியது. அவர் ஓட்டிப் பார்த்தார், வாங்கினார்.

“வேலை நல்ல வேலை. குறை நினையாதை பாஸ். அடுத்ததை ரவுண் பட்டறையிலை குடுக்கிறன். அவங்கள் ஒருநாளிலை தருவாங்கள்.”

போனார். பிறகு ஒரு சம்மாட்டியாரும் வரவில்லை.

மெசினை விற்கவும் முடியாது. விற்பதென்றால் பள்ளத்தைச் சொல்லி விற்க வேண்டும். சொன்னால் அந்தக் கதை மருதனார்மடத்துக்குப் போய்ச் சேர இரண்டு நாள் போதும்.

இப்போது நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டக்காரர்கள் வருகிறார்கள். தண்ணீர் மோட்டருக்குப் புஷ், பின் ஆணி. எல்லாம் கட்டை வேலை. அந்த ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும். மிச்ச நீளத்துக்கு வேலையில்லை. அந்தப் பக்கத்தில் மனைவி செத்தல் மிளகாய்ச் சாக்கை வைக்கிறாள். நான் எடுக்கச் சொல்லுவதில்லை.