பல்பு எரியும் பீரோ

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் பீரோவுக்குள் பல்பு எரியும். கீழே சமவெளியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி நீலகிரி மலையில் குந்தா பக்கம் வந்த முதல் வருஷம், எங்கம்மா சீராகக் கொடுத்த இரும்பு பீரோவின் முதுகில் என் வீட்டுக்காரர் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, ஒரு சின்ன பல்பை மாட்டினார். "புது பீரோவ இப்படிப் பாழாக்கறீங்களே, உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன். அந்த ஆடியிலேயே பக்கத்து வீட்டுப் பட்டுப்புடவைகளில் பூஞ்சை பூத்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பல்புச் சூட்டில் துணிக்கு ஈரம் ஏறாது. ஆனால் கதவைத் திறந்து போட்டால் எல்லாம் வீண். திறந்த கையோடு மூட வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம்.

பின்னாளில் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. முதல் மோடம் ஒரே மழையில் செத்துப்போனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பிடித்திருந்தது. இரண்டாவதை என் வீட்டுக்காரர் நேராகக் கொண்டுபோய் பீரோவில், என் புடவைத் தட்டில், பல்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதே ஓட்டை வழியாக ஒயர் வெளியே வந்து, பீரோவை ஒட்டி இருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் போனது. வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதற்கு வாய்த்த யோகம் எனக்கு வாய்க்கவில்லை. நான் குளிரில் நடுங்கிக்கொண்டு சமைத்தேன், மோடம் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கதகதப்பாக இருந்தது.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. அவர் ஒரு தனியார் ஃபேக்டரியில் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாகி வெளியே போகிறவரை பொறுப்பு அவருடையது. தூள் விலை போகாததால் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள். எங்கள் வரிசையில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. முக்கால்வாசிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். திருப்பூரில் இருக்கும் என் தம்பி அவருக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பேசி வைத்தான். ஆடியில் யாரும் புது வேலை தொடங்குவதில்லை என்பதால், ஆவணி பிறந்ததும் சேர வேண்டும் என்று ஏற்பாடு. "அக்கா, அந்தக் குளுர்ல கெடந்து என்ன பண்றீங்க? பேசாம மாமாவக் கூட்டிட்டு எறங்கி வாங்க" என்பான். சமவெளிப் பெண்ணாயிற்றே, இறங்குவதற்குச் சந்தோஷப்படுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ அந்த வீட்டைப் பூட்ட மனசே வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருந்தது. பறித்து விற்றால் பறிகூலிக்கே கட்டாது. வீணாகப் போகிறதே என்ற ஆத்திரத்தில் ஒருநாள் கொழுந்தைக் கிள்ளி வந்து, சமையலறையில் வாடவிட்டு, பாயில் போட்டுக் கையாலேயே உருட்டி, இரும்புச் சட்டியில் காயவைத்தேன். அவர் சிரித்தார். மூட்டை மூட்டையாகத் தூள் பார்த்த மனுஷன் அல்லவா. ஒரு வாய் குடித்ததும் சிரிப்பு நின்றது. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நெம்ப நல்லாருக்குது புள்ள" என்றார். என் சமையலுக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சென்னையில் தேயிலைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாளுக்குச் சாம்பிள் அனுப்பினோம். பிடித்துவிட்டது. மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். கையால் செய்தது என்று சொல்லிப் பலர் மெஷின் தூளை அனுப்பி ஏமாற்றியிருக்கிறார்களாம். நான் உருட்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மலைப்பாதையில் அடிக்கடி மண் சரிந்ததால் நேரில் வர அவருக்குப் பயம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோ காலில் காட்டச் சொன்னார். பழைய கம்ப்யூட்டரில் கேமரா இல்லை. தம்பியிடம் சொன்னேன். நாங்கள் திருப்பூர் வர வேண்டும் என்பதுதான் அவன் ஆசை, ஆனாலும் ஒரு புது லேப்டாப் வாங்கி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். அப்பளம் மாதிரி ஒல்லி. மோடத்து ஒயரைச் செருக அதில் இடமே இல்லை, வைஃபை மட்டும்தான். எங்கள் மோடத்தில் வைஃபை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை எங்களிடம் இருந்தவை பட்டன் ஃபோன்கள்.

வெள்ளிக்கிழமை காலை சமையலறை மேடையில் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் மோடத்தின் பெயர் ஒற்றைக் கோட்டோடு வந்தது, உடனே போனது. பாஸ்வேர்டைப் போட்டால் சுற்றிச் சுற்றி நின்றது. முதல் எழுத்து பெரியதா சின்னதா என்று எங்களுக்குள் ஒரு சண்டை. பீரோ இருக்கும் படுக்கையறைக்குத் தூக்கிப் போனால் சேர்ந்த மாதிரி பாவனை காட்டியது, ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"எங்க ஊட்டுல நல்லா ஓடுச்சே அக்கா. மாமாவ மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடச் சொல்லுங்க."

அவர் போய் பீரோவைத் திறந்தார். ஆஃப் செய்தார், ஆன் செய்தார், வீட்டுச் சட்டப்படி உடனே மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. நான்கு தரம் இதே பூஜை.

பிறகு கஸ்டமர் கேருக்கு ஃபோன் செய்தார். மோடத்தில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அவர் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சமையலறையில் என் முன்னால் லேப்டாப் சட்டென்று சேர்ந்துகொண்டது.

"ஏனுங்க, வந்துருச்சுங்க!" என்று கத்தினேன்.

அவர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, ஃபோனை வைத்து, பீரோவை மூடிவிட்டு வந்தார். அதற்குள் போயிருந்தது. மறுபடியும் ஃபோன், மறுபடியும் விளக்கு, மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது.

"அந்தப் புள்ள அங்கிருந்து என்னமோ பண்ணுதுங்க. பேசற வரைக்கும் உடுது, ஃபோன வெச்சதும் புடுங்கிருது" என்றேன்.

"ஆமா, உனக்குன்னு தனியா ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்குது" என்றார். கிண்டல்தான். ஆனால் அவரும் அதையே நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அந்தப் பெண் பாவம், புகார் எழுதிக்கொள்கிறேன், மூன்று நாளில் ஆள் வருவார் என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

மணி இரண்டே முக்கால். முந்தின நாள் மாலை பறித்த கொழுந்து பதமாக வாடித் தயாராக இருந்தது. அதற்கு மேல் விட்டால் கெட்டுப்போகும்.

"உடு புள்ள. திங்கக்கெழம பேசறோம்னு கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

"திங்கக்கெழமைக்குள்ள அந்தம்மா வேற எடத்துல வாங்கிரும்" என்றேன். அவர் முன்னால் அழக் கூடாது என்ற வீம்பில், புடவை மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனேன்.

பீரோவின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தேன். என் தட்டில் பல்பும் மோடமும் புடவைகளும் இருந்தன. கீழே அவருடைய தட்டு காலியாக இருந்தது. ஒரு சட்டை இல்லை, ஒரு வேட்டி இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஊருக்குப் போகும் பெரிய பை புடைத்துக்கொண்டு, ஜிப் போட்டு, தயாராக நின்றது.

ஆவணிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனுஷன் மூட்டை கட்டியிருக்கிறார். என் தேயிலை மேல் இவ்வளவுதான் நம்பிக்கை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை அறைந்து சாத்தியிருக்க வேண்டும். கை ஓடவில்லை. காலித் தட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றேன்.

சமையலறையில் லேப்டாப் மணி அடித்தது.

"அம்மிணி! அந்தம்மா கூப்புடுது! ஓடியா!"

பழைய புடவையோடு ஓடினேன். திரையில் சென்னை அம்மாளின் முகம், மூக்குத்தி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. நான் வணக்கம் சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து கொழுந்தை அள்ளிப் போட்டு உருட்டத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் லேப்டாப்பைக் கையில் ஏந்தி என் கையைக் காட்டினார், கொழுந்தைக் காட்டினார், ஜன்னல் வழியாகச் செடிகளைக் காட்டினார். எனக்குள் இருந்த கோபமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. "என்ன ஒரு வேகம்மா உங்களுக்கு!" என்று அந்த அம்மாள் வியந்தார். நான் என் வீட்டுக்காரரை முறைத்துக்கொண்டே உருட்டினேன்.

அவருக்கு என் முறைப்பு எட்டவில்லை. வேறு ஏதோ உறுத்தியிருக்கிறது. "பீரோ தொறந்து கெடக்குதாட்ட இருக்குது, ஈரம் ஏறிரும்" என்று முணுமுணுத்து, லேப்டாப்பை மேடையில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனார். கிரீச்சென்று கதவு மூடும் சத்தம் கேட்டது. திரையில் அந்த அம்மாள் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

அடக் கடவுளே! காலையிலிருந்து நடந்த அத்தனையும் ஒரே நொடியில் எனக்கு விளங்கிவிட்டது.

"தொறங்க! பீரோவத் தொறங்குங்க! மூடாதீங்க!" என்று வீடு அதிரக் கத்தினேன். மறுபடியும் கிரீச். அந்த அம்மாளுக்கு உயிர் வந்தது.

"என்னம்மா, என்ன பீரோ?" என்றார். வேறு வழியில்லாமல் பல்பு, பூஞ்சை, இரும்பு பீரோ, புடவைக்கு நடுவில் மோடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குத்தி ஆட ஆடச் சிரித்தார். "போதும்மா, பார்த்தாச்சு. மோடத்தைப் புடவைக்குள்ள வச்சுக் காப்பாத்தறவங்க என்னை ஏமாத்த மாட்டீங்க. இந்த மாசத்துலேருந்தே அனுப்புங்க" என்றார்.

திரை அணைந்ததும் என் வீட்டுக்காரர் படுக்கையறையிலிருந்து வந்து என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"பைய எப்பக் கட்டுனீங்க?"

அவர் முகம் தொங்கிப்போனது. "நேத்து நீ கொழுந்து பறிக்கப் போனப்ப" என்றார். "உன்ற தேயில மேல நம்பிக்க இல்லாம இல்ல புள்ள. ஒருவேள இது கெடைக்கலீன்னா, அப்பறம் உன் முன்னால உக்காந்து சட்டய மடிச்சு வெக்க என்னால முடியாதுன்னு தோணுச்சு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தேயிலைச் சாறு ஒட்டிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப என் முன்னால உக்காந்து எடுத்து அடுக்குங்க" என்றேன்.

அவர் திருப்பூருக்கு ஃபோன் செய்து, வேலைக்கு வரவில்லை என்று தம்பியிடம் சொன்னார். பிறகு பையைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து அந்தக் காலித் தட்டில் வைத்தார். வைத்து முடித்ததும் பழக்கத்தில் கை பீரோக் கதவுக்குப் போனது. நின்றது. திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

வெளியிலிருந்து வரும் லைன் ஒயரின் நீளம் போதாததால் மோடத்தை நாங்களாக வெளியே எடுத்து வைக்க முடியவில்லை. மூன்று நாளில் வருவதாகச் சொன்ன ஆள் புரட்டாசியில்தான் வந்தார். அதுவரை, சென்னை அம்மாள் எப்போது கூப்பிடுவாரோ என்று, பீரோ இரவும் பகலும் திறந்தே கிடந்தது. என் பட்டுப்புடவைகளை, பின்னாளில் பல்பு மாட்டியிருந்த பக்கத்து வீட்டு பீரோவில் கொடுத்து வைத்தேன். அவருடைய சட்டைகளுக்கு அங்கே இடமில்லை. அந்த மழை முடியும்வரை அவர் எந்தச் சட்டையைப் போட்டாலும் பூஞ்சை வாசம் அடித்தது. அந்தச் சட்டையோடுதான் தினமும் பாயில் என் எதிரே உட்கார்ந்து கொழுந்து உருட்டினார்.