மழையின் மேல் போட்ட பழி

2024 அக்டோபர் 13, ஞாயிறு. எனக்கு விடுமுறை. ஆறு மணிக்கு எழுந்து, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் ஐஸ்பெட்டிக் கதவில் மனைவிக்காகத் தாள் ஒட்டினேன்: "தண்ணீர்மலை வழியாகக் கொடிமலைக்கு ஓட்டம். பன்னிரண்டு மணிக்குத் திரும்புவேன்."

தண்ணீர்மலைப் பாதையில் அன்று கூட்டம். அதனால் மலையின் மறுபுறம், ஆயர் ஈத்தாம் பக்கம் போய் ஏறினேன். வீட்டுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம்; அனுப்பவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கைபேசி நனைந்து அணைந்துபோனது. வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் விஷயத்தைச் சொன்னார். என்னைத் தேடித் தண்ணீர்மலைப் பாதையில் ஏறிய என் மனைவியின் தம்பி சேகர், வழுக்கி விழுந்து கால் முறிந்து மருத்துவமனையில் இருந்தார்.

மருத்துவமனைக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் சேகர் படுத்தபடியே சிரித்தார். "உயிரோடதான் இருக்கீங்களா, மாமா? தொண்டை கிழிய கத்தினேன் லா! கேக்கலையா?"

"மழைச் சத்தத்துல கேக்கல," என்றேன்.

"அதான பார்த்தேன். மாமா எழுதி வச்சா மாத்த மாட்டாருன்னு அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினேன்."

பக்கத்தில் நின்ற மனைவியும் தலையாட்டினாள். கட்டுப் போட்ட அந்தக் காலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வழுக்கவைத்தது உண்மைதான். ஆனால் அவரை அங்கே அனுப்பியது என் கையெழுத்து. அன்றைய நாட்குறிப்பிலும் "மழையால் தாமதம்" என்றே எழுதினேன். இரவு முழுவதும் தூக்கமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போனேன். "சேகர், நான் அந்தப் பாதைக்கே போகல," என்றேன்.

அவர் தன் காலின் கட்டைப் பார்த்தார். பிறகு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.