டெல்லி என்று ஒரு பொய்

விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது சந்தேகப்படத்தான். பெட்ரோல் முள் நிறைந்திருப்பதாகக் காட்டினால் நம்பாதே, குச்சியை விட்டுப் பார். டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீயே ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் ஆட்டிப் பார். எனக்கு இந்தப் பாடம் சுலபமாக வந்தது. பிறவியிலேயே கொஞ்சம் கோணல் புத்தி. தரையில் இறங்கிய பிறகும் அதை நிறுத்தாமல் விட்டதுதான் வினை.

எழுபதுகளின் நடுவில், சென்னையில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் படித்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் எக்கச்சக்கம். வேலை கொடுக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான்கு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் வேலை செய்யாமல் அல்ல. லைசென்ஸ் செத்துப்போகாமல் இருக்க அவ்வப்போது பறந்தாக வேண்டும். அதற்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லாததால் கிளப்பிலேயே எடுபிடியாக இருந்தேன். காலையில் விமானங்களை ஷெட்டிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவருவேன், வயிற்றில் படிந்த ஆயிலைத் துடைப்பேன், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்டுவேன். எப்போதாவது அரை மணி நேரம் ஓட்ட விடுவார்கள். அந்த அரை மணிக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் துடைப்பேன்.

ஊர் இதையெல்லாம் நம்பவில்லை. எங்கள் ஊர் பாண்டிச்சேரிப் பக்கம், வில்லியனூருக்குத் தெற்கே, மாதா கோயிலைச் சுற்றி ஐம்பது அறுபது கிறிஸ்தவ வீடுகள். பஸ்ஸில் வந்து இறங்கினால், "இன்னா பைலட்டு, பஸ்ஸுலதான் வந்தியா?" என்று கேட்பார்கள். பெண் வீட்டார் ஒருவர் மாப்பிள்ளை நிஜமாகவே பைலட்டா என்று விசாரிக்க ஆளையே அனுப்பினார். வந்தவர் என் கையில் காய்த்துப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் வேலை என்று போய்ச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது வருஷம் ஒரு விமான நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்தது. ஐதராபாத்தில் பயிற்சி, சேர வேண்டிய தேதி எல்லாம் போட்டுக் கடிதம் வந்தது. கீழே ஒரு வரி: போலீஸ் விசாரணை முடிந்து அறிக்கை வந்த பிறகே சேர்த்துக்கொள்ளப்படும். எங்கள் தொழிலில் சீனியாரிட்டிதான் எல்லாம். ஒரு பேட்ச் தவறினால், உனக்குப் பின்னால் வந்தவன் உனக்கு முன்னால் கேப்டனாவான். எனக்கோ வயது வரம்பும் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பேட்ச் என்று ஒன்று எனக்குக் கிடையாது.

விசாரணைக்கு ஆள் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். சாதா உடுப்பில் வரும் போலீஸ்காரரை ஊரில் சி.ஐ.டி. என்பார்கள். வந்தார், போனார். இரண்டு மாதம் ஆகியும் அறிக்கை போகவில்லை. ஊருக்கு வந்து தங்கி, பாண்டிச்சேரியில் அந்தப் போலீஸ் ஆபீசைத் தேடிப் போனேன். கிளார்க் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். குடியுரிமையில் சந்தேகம் என்று குறிப்பு இருக்கிறது, அதற்கு மேல் சொல்லக்கூடாது என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். எங்கள் வீட்டுக்கே சொல்தா வூடு என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, விருப்பப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. சொல்தாக்கள் பலர் எழுதிக்கொடுத்தார்கள். அப்பா எழுதவில்லை. எழுதிக்கொடுத்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியிருந்தது, அதற்குப் பயந்துவிட்டார். யார் நிலத்தையும் யாரும் பிடுங்கவில்லை. பிறகு அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு டவுனுக்குப் போய் வருவார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான் என்று ஊர் நினைத்தது, அவர் மறுக்கவில்லை. எழுதிக்கொடுக்காத கதை வீட்டுக்குள் மட்டும் தெரியும். அம்மா சாவதற்கு முன்பு எனக்கும் அக்காவுக்கும் சொல்லி, வெளியே மூச்சு விடக் கூடாது என்றிருந்தாள்.

ஆக, நாங்கள் இந்தியர்கள். அதில் சந்தேகம் கிளப்பியவன் யார்? மொட்டைக் கடுதாசிதான் என்று முடிவு கட்டினேன். எழுதியது யார் என்பதுதான் பாக்கி. வரப்புத் தகராறில் இருந்த பக்கத்து நிலத்துக்காரர் மேல் முதலில் கண் போனது; அவருக்கு எழுதத் தெரியாது என்பது ஞாபகம் வந்து, யாரையாவது வைத்து எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. அடுத்து டீக்கடைக்காரர். நான் உள்ளே போனால் பேச்சை மாற்றுகிறாரோ என்று பட்டது. மூன்றாவது, அக்கா வீட்டுக்காரர்.

மாமா பாகூர்ப் பக்கம் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தார். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் என்று ஊர்க் காகிதமெல்லாம் அவர் கையில். அதிகம் பேச மாட்டார். ஞாயிறு பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். என் வேலை பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொறாமை என்று நினைத்தேன். இப்போது என் முகத்தைப் பார்ப்பதையே தவிர்க்கிறார் என்றும் பட்டது.

கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். அதை நினைத்து அப்போது எனக்கே என் மூளையைப் பாராட்டத் தோன்றியது. மூன்று பேரிடமும் மூன்று பொய் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் பயிற்சி கல்கத்தாவில் என்றேன். டீக்கடையில் பம்பாய். மாமாவிடம் டெல்லி. எந்தப் பொய் அந்த ஆபீஸ் வரை போகிறது என்று பார்ப்போம்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்து, "டெல்லிக்குப் போவணும்னு அவசரமாமே சார்?" என்றார்.

டெல்லி என்று நான் சொன்னது மாமாவிடம் மட்டும். கரிக்கலாம்பாக்கம் வழியாக அக்கா வீட்டுக்கு சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத் தகப்பன் என்று அவள் கர்ப்பமாக இருந்தபோதே பேசிவைத்தது. வாசலில் நின்றபடியே, கூட இருந்து குழி பறிக்கிறவர் பிள்ளையை நான் தூக்க மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா என்னடா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே அழுதாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல முடியாததுதான் குற்றத்துக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். அபிஷேகப்பாக்கத்திலிருந்து யாரோ தூரத்து உறவுக்காரர் வந்து குழந்தையைத் தூக்கினாராம்.

பயிற்சி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, கிளார்க்கைத் தாண்டி அதிகாரியின் அறைக்குள்ளேயே போய்விட்டேன். யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசியை நம்பி என் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். கடுதாசி எதுவும் வரவில்லை என்றார். விசாரணைக்குப் போனவரிடம் என் தகப்பனாரே, எங்கள் குடும்பம் முழுக்க பிரெஞ்சுக் குடிமக்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு அவர் சொன்னது: "உங்க மாமா ரெண்டு மாசமா வாராவாரம் லீவு போட்டுட்டு வந்து நிக்கிறாரே, உங்ககிட்ட சொல்லலியா? அப்பா இந்தியர்தான்னு ஓட்டர் லிஸ்ட்லேர்ந்து நகல் எடுத்துக் குடுத்தாரு. அது போதாது, பெரியவரே தான் பிரெஞ்சுக் குடிமகன் இல்லன்னு எழுதிக் கையெழுத்து போடணும்னோம். அவர்கிட்ட அத எப்படிக் கேப்பேன்னு திரும்பிப் போயிடறாரு."

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். நம்பாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று அப்போதும் ஒரு மூளை தேடிக்கொண்டுதான் இருந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து, காகிதம் கொண்டு வா என்றார். தான் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்ததில்லை, தானும் தன் பிள்ளைகளும் இந்தியர்கள் என்று மூன்று வரி. அழகான கையெழுத்து அவருடையது. மூன்று வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

"அந்த சி.ஐ.டி. வந்தப்ப மெடலெல்லாம் எடுத்துக் காட்டுனன்டா. அவரு எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. அதுக்கப்புறம் எப்பிடிடா இல்லன்னு சொல்றது?"

அப்போதுதான் அழுதார். அம்மா செத்தபோது கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ரெண்டு மாசமாவே தெரியும் என்றேன். ரெண்டு மாசமும் ஞாயிற்றுக்கிழமை வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டானே, காட்டிக்கொள்ளவே இல்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

காகிதத்தை ஆபீசில் கொடுத்தேன். மறுநாளே அறிக்கை போய்விடும் என்றார்கள். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா முற்றத்தில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். மாமா என்று மட்டும் சொன்னேன்.

"கையெழுத்து போட்டாரா?" என்றார்.

"போட்டாரு."

நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அழுதாரா?"

"இல்ல மாமா. சிரிச்சிக்கினே போட்டாரு."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. நல்லவேளை என்று பெருமூச்சு விட்டார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.