பத்து மணிக்கு விலகிவிடும்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். என் பிழைப்பே வாயை வைத்துத்தான் ஓடுகிறது. மலேசியாவில் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கு டீயும் கேக்கும் விற்கிற கடையில் பதினொரு வருஷமாக நிற்கிறேன். காலையில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பார்கள். பனி மூடிக் கிடக்கும். மலையும் இருக்காது, தேயிலையும் இருக்காது. காசு செலவழித்து இதைப் பார்க்கவா வந்தோம் என்று என்னை முறைப்பார்கள். நான் தமிழிலும் மலாயிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொல்வேன்: இன்னொரு டீ குடியுங்கள், பத்து மணிக்கு விலகிவிடும். விலகும். அந்த விஷயத்தில் என் வாக்கு பொய்த்ததே இல்லை.

அதே தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள் என் அம்மா. கூடையும் தலைத்துண்டுமாக அவளைப் படம் பிடிக்காத வெளியூர்க்காரன் கிடையாது. ஆனால் அவள் ஓர் ஊரையும் சுற்றிப் பார்த்ததில்லை. தோட்டத்துக் கோயில் கமிட்டி வருஷா வருஷம் பஸ் பிடித்து, கடல், கோட்டை, கோயில் என்று ஆட்களைக் கூட்டிப்போகும். அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள். கிளம்புகிற அன்றைக்கு நின்றுவிடுவாள். மலை இறங்கும் வளைவுகளில் அவளுக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா" என்பாள். நாங்களும் சரி என்று விட்டுவிடுவோம். எத்தனை அடுத்த வருஷங்கள்!

போன ஆண்டு அவளுக்குக் கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தது. தெரிவதற்குள் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில், குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம் மிச்சம். ஈப்போவில் டாக்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். போனது திரும்பாது, மருந்து ஊற்றினால் மெதுவாகப் போகும், எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நான் பாவி, அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"புள்ள, கடலப் பாத்துடணும்."

"கோயிலுக்குப் போயி வேண்டிக்கணும்னு சொல்வேன்னு பாத்தா, கடலுங்கிறியே ம்மா!"

"வேண்டிக்கிறதயும் வேண்டிக்குவோம். கண்ணு இருக்கிறப்பவே அதையும் பாத்துடுவோம். டிவில பாத்துட்டுச் செத்தா போதுமா?"

என் வீட்டுக்காரர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். பண்ணை முதலாளியான சீனர், அவர் பாஷையில் தவுக்கே, சுலபத்தில் லீவு தருகிற ஆள் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் வாங்கினார். பங்கோர் தீவு என்று முடிவு செய்தோம். கடல் இருக்கிறது, பழைய டச்சுக்காரன் கோட்டை இருக்கிறது, அம்மன் கோயில் இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்றும் முடிந்துவிடும். அம்மா வெயில் ஊருக்கு இரண்டு சுவெட்டர் எடுத்து வைத்தாள்.

நினைத்தபடியே வழியெல்லாம் வாந்தி. ஈப்போ வருவதற்குள் மூன்று முறை காரை நிறுத்தினோம். சேலை, பை, என் மடி, எல்லாம் நாசம். லுமுட் படகுத்துறையில் அன்று மத்தியானம் கடல் பளபளவென்று கிடந்தது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கண்ணை மூடி என் தோளில் சாய்ந்தே வந்த அம்மா, தீவுக்குப் போகிற பெரிக் கப்பலில் ஏறி உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டவள் அக்கரை வரும்வரை எடுக்கவில்லை. "கொஞ்சம் நிமிந்து பாரும்மா" என்று சொல்ல வாய்வரை வந்தது. பாவமாக இருந்தது. சொல்லவில்லை.

அறைக்குப் போய்க் குளித்து, வேறு சேலை கட்டியதும் தெம்பாகிவிட்டாள். "அத்தை, கடற்கரைக்குப் போவோமா? நடந்தே போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொதல்ல சாமி, மாப்பிள்ள. சாமியப் பாக்காம வேற எதப் பாத்தாலும் ஒட்டாது."

கமிட்டி பஸ்ஸிலும் அதுதான் வழக்கம். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் கோயில், பிறகுதான் வேடிக்கை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். மறுத்துப் பேசத் தோன்றவில்லை. ஆனால் கோயில் திறக்க நேரம் இருந்தது. சரி, கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். அது கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முந்தானையைக் கண்ணோரத்தில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கம் திரும்பாமலே நடந்தாள். சாமிக்கு முன்னால் கடலைப் பார்த்துவிடக் கூடாதாம்; கோட்டை கணக்கில் இல்லையாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கோட்டை என்றால் கூரையில்லாத நாலு செங்கல் சுவர். அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள். "இது எந்த தொரை பங்களா?"

"டச்சுக்காரன் கட்டுனது அத்தை. ரொம்பக் காலம் முந்தி."

"கூரையக் கூட பிரிச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டானா? கஞ்சன்லா."

கோயில் திறந்தது. அம்மா அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் முகத்தை ஒரு தடவை, பாதத்தை ஒரு தடவை கொண்டுவந்து பார்த்தாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது மசங்கிவிட்டது. மங்கிய வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. "நாளைக்கு நிதானமாப் பாப்போம்மா. காலையிலேயே வந்துடுவோம்" என்றேன். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

மறுநாள் ஏழரை மணிக்கெல்லாம் மணலில் நின்றோம். முன்னால் ஒரே வெள்ளை. காலடியில் அலை வந்து போனது தெரிந்தது. நூறடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. படகு இல்லை, வானம் இல்லை. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்னா புள்ள, எனக்குத்தான் இப்படியா?"

"இல்லம்மா, எல்லாருக்கும்தான். பனி. பத்து மணிக்கு விலகிடும்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! நாற்காலி வாங்கிப் போட்டேன். கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர், "இப்பவே ஒரு போட் பேசி, தண்ணிக்குள்ள கொஞ்ச தூரம் கூட்டிப் போவோமா?" என்று கேட்டார். "பனிக்குள்ள எதுக்குங்க போட்டு? சும்மா உக்காருங்க" என்று அதட்டினேன். அந்த வழியாக நடந்துபோன ஒரு தமிழ் ஜோடி கடலைப் பார்த்துச் சலித்துக்கொண்டது. அம்மா அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "போயிடாதீங்க. என் மவ சொன்னா சொன்னதுதான். பத்து மணிக்கு வந்து பாருங்க." அவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்து ஆனது. வெயில் ஏறியதும் வெள்ளை இன்னும் அடர்ந்து மஞ்சளானதே தவிர விலகவில்லை. பதினொன்று ஆனது. எனக்குத் தொண்டை கரகரத்தது. படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மலாய்க்காரரிடம் போய், இங்கே பனி எத்தனை மணிக்கு விலகும் என்று கேட்டேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: இது பனி இல்லை அக்கா, ஜெரெபு. காடு எரிகிற புகை. இது வெயிலுக்குப் போகாது, மழை பெய்தால்தான் போகும். காலையில் இந்த அளவு இல்லை, அப்போது வந்திருந்தால் தீவைச் சுற்றியாவது காட்டியிருப்பேன், இப்போது படகு எடுக்க முடியாது.

அட கடவுளே! ஜெரெபு தெரியாதவளா நான்? செய்தியில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் மலைக்கு அது இந்த அளவுக்கு ஏறி வந்ததில்லை. வெள்ளையாக எதைக் கண்டாலும் எங்களுக்குப் பனிதான். கீழே இருக்கிற சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

"எனக்கும் பொகை வாடை அடிச்சிச்சி. நீ அவ்ளோ உறுதியா சொன்னியா, நான் யாரோ மீனு சுடுறான்னு நெனச்சிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு மணி பெரியில் கிளம்பியாக வேண்டும். மறுநாள் விடியற்காலையில் அவர் லோரி எடுக்காவிட்டால் வேலை போய்விடும். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இடது கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினாள். மறுபடியும் முதலிலிருந்து திருப்பினாள்.

"நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு புள்ள" என்றாள்.

என்னால் அவளுக்கு எதைக் கொண்டுவந்து கொடுக்க முடியும்? கடையில் டீ ஆறினால் வேறு டீ கொடுப்பேன். அங்கே நின்று அந்தப் புகையை ஊ ஊ என்று ஊதித் தள்ளத்தான் தோன்றியது, பைத்தியக்காரி மாதிரி.

அடுத்த வாரம் மழை கொட்டியது. புகை போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் மறுபடி தவுக்கேயிடம் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை அதைச் சொல்ல ஓடினேன். அம்மா தோட்டத்து லயத்தில், தன் வீட்டில் மேசைமேல் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். டம்ளர் அவள் எதிரிலேயே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம போலாம்மா. லீவு கெடச்சிருச்சி."

"வேணாம் புள்ள. நேத்துலேருந்து ஒண்ணும் தெரியல."

டாக்டரிடம் ஓடினோம். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு இருந்ததால் நாங்கள் மூவரும் வீட்டில்தான் இருந்தோம். அம்மா திடீரென்று கேட்டாள். "நீ போயிருக்கல்ல, நீ சொல்லேன். கடலு எப்படி இருக்கும்?"

போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை, கல்யாணம் ஆன புதிதில் ஒரு முறை, கடை ஆட்களோடு ஒரு முறை. அவளை விட்டுவிட்டுத்தான் போனேன். தண்ணீரில் குதித்தேன், கத்தினேன், படம் எடுத்தேன், பொரித்த மீன் தின்றேன்.

"பெருசா இருக்கும்மா."

"எவ்ளோ பெருசு?"

"ரொம்பப் பெருசு. அந்தப் பக்கம் தெரியாது."

"என்ன நெறம்?"

"நீலம். இல்ல, பச்ச. ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு மாதிரி."

"அப்புறம்?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் அப்புறம் ஒன்றும் வரவில்லை. அம்மா என் பக்கம் என்று நினைத்து முகத்தைத் திருப்பினாள். நான் அங்கே இல்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"மூணு தடவ போயி என்னத்ததான்டி பாத்துட்டு வந்த?" என்றாள்.